ஒரு தாளில் அடங்கிய வைகுண்டம்

மார்கழி மாதத்து வைகுண்ட ஏகாதசி இரவில் ஸ்ரீரங்கம் உறங்குவதில்லை. விடியலுக்கு முன் பரமபத வாசல் திறக்கப்படும் வேளையை எதிர்நோக்கி உள்ளூராரும் வெளியூராரும் வீதிகளிலும் மண்டபங்களிலும் விழித்திருக்கிறார்கள். கண் அயராமல் இருக்க வீட்டுக் கூடங்களில் ஒரு தாள் விரிக்கப்படுகிறது: பரமபத சோபான படம். வரிசை வரிசையாகக் கட்டங்கள், அவற்றின் குறுக்கே நெளியும் பாம்புகள், சாய்ந்து நிற்கும் ஏணிகள், எல்லாவற்றுக்கும் மேலே பரமபதம். தாயக்கட்டை உருள்கிறது. ஒருவர் ஏறுகிறார், இன்னொருவர் இறங்குகிறார். உச்சிக்குச் சில கட்டங்களே இருக்கையில் பெரிய பாம்பின் வாயில் அகப்பட்டு அடிக்கு வந்தவரைப் பார்த்து வீடே சிரிக்கிறது.

எங்களில் சிலர் அந்த இரவுகளில் வளர்ந்தவர்கள். தெற்கு வாசல் பக்கத்துக் கடைகளில் அந்தத் தாள் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். நான்காக மடித்தால் சட்டைப்பையில் அடங்கும். பல ஆண்டுகள் கழித்து, கணினி விளையாட்டுகளைத் தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ ஆக்கி இணையத்தில் வெளியிடுவோரின் கதைகளைப் படிக்கத் தொடங்கியபோது, அவர்கள் ஓயாமல் பேசும் ஒரு கவலை எங்களுக்கு அந்தத் தாளை நினைவூட்டியது. தங்கள் விளையாட்டின் தரவிறக்க அளவு எத்தனை மெகாபைட் என்பதே அந்தக் கவலை. அளவு பெருத்தால் ஆட வருவோர் வாசலிலேயே திரும்பிவிடுவர். அளவைக் குறைக்கப் போனால் எதை வெட்டுவது என்ற கேள்வி எழும்.

இது பொறியாளர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று என்பது எங்கள் எண்ணம். ஒரு விளையாட்டை ஆடுபவரின் வீடுவரை கொண்டு சேர்க்க எவ்வளவு சுமக்க வேண்டும், எதைச் சுமக்காமல் விடலாம், எதை விட்டால் விளையாட்டே போய்விடும் என்பதற்கு நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அந்த வரலாற்றை ஸ்ரீரங்கத்துத் தாளிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

*

பரமபதத் தாளில் என்னென்ன இல்லை என்று முதலில் பார்ப்போம். தாயக்கட்டை இல்லை, அது வீட்டில் இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் சோழியோ, ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையோ போதும். காய்கள் இல்லை. குன்றிமணி, உடைந்த வளையல் துண்டு, சட்டைப் பொத்தான் என்று கைக்கு அகப்பட்டது காயாகிவிடும். விதிகளும் பெரும்பாலும் இல்லை. தாயம் விழுந்தால்தான் ஆட்டம் தொடங்கும் என்பது பாட்டிக்குத் தெரியும். கட்டங்களில் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. அந்தப் பெயர்களுக்குரிய கதைகள் தாளில் இல்லை. ஆடும்போது பெரியவர் ஒருவர் சொல்வார்.

இதைவிடவும் எடை குறைந்தது ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு, சில கோடுகள். தமிழகத்துக் கோயில் மண்டபங்களின் கல்தரைகளில் இத்தகைய ஆட்டக் கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதைப் பல இடங்களில் காணலாம். அங்கே தாள்கூடத் தேவைப்படவில்லை. கோடுகள் நினைவில் இருந்தால் எந்தத் தரையும் களம்தான்.

அந்தத் தாளை ஆக்கியவர், ஆடுபவரின் வீட்டில் ஏற்கெனவே இருப்பது எதையும் மறுபடி சுமந்துகொண்டு வரவில்லை. இல்லாததை மட்டும், அதாவது கட்டங்களையும் அவற்றின் ஒழுங்கையும் பெயர்களையும் மட்டும், கொண்டுவந்தார். அளவைக் குறைப்பதில் இதைவிடப் பழைய பாடம் எங்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் இதே ஆட்டத்தின் வரலாற்றில் எதிர்மறையான பாடம் ஒன்றும் உண்டு. இந்தியாவின் பல பகுதிகளில் ஞான சௌபர், மோட்ச படம் முதலான பெயர்களில் ஆடப்பட்ட இந்த விளையாட்டு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. பாம்பும் ஏணியும் கடல் கடந்தன. முதலில் அங்கத்திய ஒழுக்கப் பாடங்கள் சில கட்டங்களில் ஏறின. நாளடைவில் அவையும் உதிர்ந்து, எண்கள் மட்டுமே எஞ்சின. இந்தியப் படங்களில் ஏணிகளைவிடப் பாம்புகளே மிகுதி. வீழ்வது எளிது, உயர்வது அரிது என்பது அந்தப் படத்தின் தத்துவம். பயணப்பட்ட வடிவத்தில் இரண்டும் ஏறக்குறையச் சமமாயின. இன்று உலகெங்கும் குழந்தைகள் ஆடுகிறார்கள், மகிழ்கிறார்கள். ஆயினும் எந்தப் பாம்பு எந்தத் தீமை என்று சொல்ல அந்த அட்டையில் இடமில்லை.

கணினித் துறையில் சுருக்குவதை இருவகையாகப் பிரிப்பார்கள். விரித்தால் மூலம் அப்படியே திரும்பக் கிடைக்கும் வகை ஒன்று. கண்ணுக்கோ காதுக்கோ தெரியாது என்று கருதியவற்றை நிரந்தரமாக விட்டுவிடும் வகை மற்றொன்று. ஸ்ரீரங்கத்துத் தாள் முதல் வகை. வீட்டுக்கு வந்ததும் பாட்டியின் குரலில் முழுமையாக விரிந்துவிடும். கடல் கடந்த அட்டை இரண்டாம் வகை. போனது திரும்பவில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கணினிக்கு வருவோம்.

*

முதற்காலக் கணினி விளையாட்டுகள் சிறியனவாக இருந்ததற்குக் காரணம் வறுமை. நினைவகம் விலை மிகுந்தது. 1985இல் ஜப்பானின் நின்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டின் மொத்த அளவு 40 கிலோபைட். அதில் 32 கிலோபைட் நிரல், 8 கிலோபைட் படங்கள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒற்றைப் புகைப்படம் அதைப் போலப் பல மடங்கு கனக்கும். அந்த விளையாட்டில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். கோடிக்கணக்கானோர் ஆடிய பிறகும் பெரும்பாலோர் இதைக் கவனிக்கவில்லை. கவனித்த பின்பும் எவரும் குறையாகக் கருதவில்லை.

அதற்கு ஓராண்டு முன்பு, 1984இல், கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிராபென், இயன் பெல் என்னும் இருவர் எலைட் என்ற விண்வெளி விளையாட்டை வெளியிட்டனர். அது ஓடவேண்டிய பிபிசி மைக்ரோ கணினியின் நினைவகம் 32 கிலோபைட். அதற்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். இத்தனை உலகங்களின் பெயரையும் இயல்பையும் எழுதிவைக்க அங்கே இடமேது? அவர்கள் எழுதிவைக்கவில்லை. ஒரு தொடக்க எண்ணையும், அதிலிருந்து அடுத்தடுத்த எண்களைப் பெறும் வழியையும் மட்டுமே வைத்தனர். ஆடுபவர் ஓர் உலகை அணுகும் கணத்தில் அந்த எண்ணிலிருந்து அது பிறக்கும். எத்தனை முறை அணுகினாலும் அதே உலகமே பிறக்கும். வேண்டுமானால் கணக்கற்ற மண்டலங்களை இப்படி உண்டாக்கியிருக்கலாம். ஆனால் அளவு மிகுந்தால் அவை பொறியிலிருந்து வருவது வெளிப்பட்டுவிடும் என்று கருதிப் பதிப்பாளர் எட்டோடு நிறுத்தச் சொன்னார். நூலின் அழகுகளில் சுருங்கச் சொல்வதையும் விளங்க வைப்பதையும் அடுத்தடுத்து வைத்த நன்னூலார், குற்றங்களில் குன்றக் கூறுவதையும் மிகைபடக் கூறுவதையும் அடுத்தடுத்து வைத்தார். எலைட்டை ஆக்கியவர்கள் இந்த இரண்டு குற்றங்களுக்கும் நடுவே வழி கண்டவர்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

*

அதுவரை விளையாட்டுகள் பொதியுறையிலோ ஒலிநாடாவிலோ நெகிழ்வட்டிலோ கடைக்கு வந்தன. கடை வேண்டாம், கம்பி போதும் என்பதை ஊரறியச் செய்த நிகழ்வு 1993 டிசம்பர் 10ஆம் நாள் நடந்தது. அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் என்ற சிறு குழு, டூம் விளையாட்டின் முதற்பகுதியை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக் கணினியில் ஏற்றியது. மூன்று பகுதிகளில் முதலாவதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிறருக்கும் கொடுக்கலாம். பிடித்திருந்தால் மற்ற இரண்டையும் விலைக்கு வாங்கலாம். காத்திருந்தவர் கூட்டம் அந்தக் கணினியின் வாசலை அடைத்துக்கொண்டதால் ஏற்ற வந்தவராலேயே உள்ளே நுழைய முடியவில்லையாம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதைக் கற்பனை செய்வது கடினமன்று. அந்த முதற்பகுதியின் அளவு சுமார் 2 மெகாபைட். இரண்டு நெகிழ்வட்டுகளில் அடங்கியதால், இணையம் இல்லாதவர்களுக்கும் கைமாறிப் போய்ச் சேர்ந்தது. டூம் பரவியதற்கு அதன் வேகமும் வன்மையும் மட்டும் காரணமல்ல. அது சட்டைப்பையில் அடங்கியது.

இந்தியாவில் இணையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று, முதலில் பெருநகரங்களில். திருச்சிக்கு அது பரவலாக வந்து சேர மேலும் சில ஆண்டுகள் ஆயின. ஆனால் பைட்டும் சில்லும் என்னவென்று எங்களுக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, புனித சூசையப்பர் கல்லூரியில் படித்து, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பணியாற்றிய சுஜாதா அவற்றையெல்லாம் வார இதழ்களின் வழியாகத் தமிழில் சொல்லிவைத்திருந்தார். சொல் தெரியும், பொருளை நேரில் பார்க்கத்தான் காலம் பிடித்தது.

தொலைபேசிக் கம்பி வழி இணைப்பின் மிக உயர்ந்த வேகம் நொடிக்கு 7 கிலோபைட். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே மகிழ்ச்சி. 2004இல் வெளியான அரசின் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தை அகலப்பட்டை என்று வரையறுத்தது. பைட் கணக்கில் அது 32 கிலோபைட். அந்நாளைய திட்டங்கள் பலவற்றில் மாதத்துக்கு இத்தனை மெகாபைட் என்று வரம்பு இருந்தது. தாண்டினால் கட்டணம் எகிறும். சில திட்டங்களில் மட்டும் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது. அந்த ஆறு மணி நேரமும் இணைப்பு அறுபடாமல் இருந்தால் கிடைப்பது சுமார் 675 மெகாபைட். ஏறத்தாழ ஒரு குறுந்தகட்டின் கொள்ளளவு. இரவொன்றுக்குக் குறுந்தகடு ஒன்று என்பது அக்காலத்து எங்கள் படியளப்பு.

எங்களில் ஒருவர் உத்தர வீதி வீட்டில் அப்படி ஒரு மார்கழி இரவு விழித்திருந்தார். பெரிய விளையாட்டு ஒன்றின் முன்னோட்டப் பகுதி இறங்கிக்கொண்டிருந்தது. விடிய ஒரு மணி நேரம் இருக்கையில் மின்சாரம் போய்விட்டது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி அதற்கு இல்லை. உச்சிக்கு அருகே பெரிய பாம்பு. அடுத்த நாள் பகலில் அவர் கேவ் ஸ்டோரி என்ற இன்னொரு விளையாட்டை இறக்கினார். ஜப்பானைச் சேர்ந்த டைசுகே அமயா தனியொருவராக ஐந்தாண்டு உழைத்து 2004 டிசம்பரில் இலவசமாக வெளியிட்டது அது. கதை, ஓவியம், இசை, நிரல் எல்லாம் அவரே. அளவு சுமார் 1 மெகாபைட். அரை நிமிடத்தில் வந்து சேர்ந்தது. எத்தனையோ இரவுகள் அவரைக் கட்டிப்போட்டது. அது சிறியதாக இருந்ததற்கு முக்கியமான காரணம் இசை. பதிவுசெய்த ஒலியைச் சுமக்காமல், எந்தச் சுரம் எவ்வளவு நேரம் என்ற குறிப்பை மட்டும் சுமந்தது. அதற்கான கருவியையும் அமயாவே எழுதிக்கொண்டார்.

அதே 2004இல் ஜெர்மானியக் குழு ஒன்று 96 கிலோபைட்டுக்குள் ஒரு முப்பரிமாணத் துப்பாக்கி விளையாட்டையே அடைத்துக் காட்டியது. பெயர் கிரீகர். சுவரின் கீறலும் உலோகத்தின் துருவும் படங்களாக அல்ல, வாய்பாடுகளாக அதில் இருந்தன. ஆனால் ஓடத் தொடங்குமுன் அவற்றையெல்லாம் கணக்கிட்டு உண்டாக்கவேண்டும். அதற்கு நல்ல வலுவான கணினியும் பொறுமையும் தேவைப்பட்டன. கம்பியில் குறைந்த சுமை கணினியின் தலையில் ஏறியது. வழியிலுள்ள எடை வேறு, வீட்டில் இறக்கிய பின் எடை வேறு என்பதை இதைப்போல் தெளிவாகக் காட்டிய சான்று அரிது.

*

விளையாட்டில் எது கனக்கிறது? இலக்கிய வாசகர்களுக்கு ஆறுதலான விடை ஒன்று உண்டு: எழுத்து கனப்பதில்லை. யூனிகோட்டின் இணைய வழக்கில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் ஆகும். ஆங்கில எழுத்துக்கு 1 பைட். ஸ்ரீரங்கம் என்று தமிழில் எழுத 30 பைட்டும் ஆங்கிலத்தில் எழுத 9 பைட்டும் தேவை. இந்த ஏற்றத்தாழ்வு இருந்தும், 1024க்கு 1024 புள்ளி கொண்ட ஒற்றைச் சதுரப் படம் சுருக்காத நிலையில் 4 மெகாபைட். அந்த இடத்தில் ஏறத்தாழ 14 லட்சம் தமிழ்க் குறியீடுகளை வைக்கலாம். பெருநாவல் ஒன்று ஒரு சுவர்ப்படத்தின் எடைக்குள் அடங்கிவிடும். ஒலியோ இன்னும் கனம். குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நிமிட நாதஸ்வரம் சுமார் 10 மெகாபைட். காதுக்கு அதிகம் தெரியாதவற்றை விட்டுச் சுருக்கினால் 1 மெகாபைட் ஆகும்.

ஆகவே கனம் படத்திலும் ஒலியிலும் இருக்கிறது. ஆனால் தமிழுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. கொம்பும் காலும் எழுத்தின் முன்னும் பின்னும் சரியான இடத்தில் அமர, அதற்கென நிரல் வேண்டும். விளையாட்டு ஆக்கும் கருவிகளில் பரவலானவை சில, நெடுங்காலம் அதைச் சரிவரச் செய்யவில்லை. வேறு வழியின்றித் தமிழ்ச் சொற்களைப் படங்களாக வரைந்து சேர்ப்போர் உண்டு. எடையே இல்லாத எழுத்து, படமாகிக் கனக்கத் தொடங்கும். பிறகு அளவைக் குறைக்கவேண்டிய நாள் வரும்போது எது முதலில் போகும் என்று சொல்லத் தேவையில்லை. 2023இல் வெளியான கோடோ 4 போன்ற கட்டற்ற கருவிகள் சிக்கலான எழுத்துமுறைகளை நேரடியாகக் கையாள்வது இந்த வகையில் பெரிய விடுதலை.

*

இணைய வேகம் ஒருபுறமிருக்க, இணையக் கடைகளும் வாசலில் அளவுகோலோடு நின்றன. மைக்ரோசாஃப்ட் 2005இல் தன் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கு இணையக் கடையைத் திறந்தபோது சிறு விளையாட்டுகளுக்கு 50 மெகாபைட் என்று வரம்பு கட்டியது. கருவியோடு விற்ற நினைவுக்கட்டையின் கொள்ளளவு 64 மெகாபைட் என்பதே காரணம். 2007இல் அது 150 ஆனது. நின்டெண்டோ 2008இல் வீ கருவிக்குத் திறந்த கடையில் வரம்பு ஏறத்தாழ 40 மெகாபைட். கைல் கேப்ளர், ரான் கார்மெல் என்ற இருவரின் வேர்ல்ட் ஆஃப் கூ அந்த வரம்புக்குள் அடங்கி, அக்கடையின் புகழ்பெற்ற விளையாட்டுகளில் ஒன்றானது. இருவரே கொண்ட இன்னொரு குழு 2010இல் சூப்பர் மீட் பாய் விளையாட்டோடு அதே வாசலுக்கு வந்தது. அடங்கவில்லை. அடங்கவேண்டுமானால் களங்களையும் இசையையும் வெட்டவேண்டும். அவர்கள் வெட்டவில்லை. வீ கருவிக்கான பதிப்பையே கைவிட்டார்கள். அதனால் ஒரு பெருங்கூட்டத்து வாசகர்களை, ஆடுபவர்களும் ஒருவகை வாசகர்களே, இழந்தார்கள். முடிவு சரியா தவறா என்று நாங்கள் தீர்ப்பளிக்க விரும்பவில்லை. தங்கள் படைப்பில் எது பாம்பின் பெயர், எது வெறும் கட்டம் என்பதை அறிந்திருந்தார்கள் என்று மட்டும் சொல்வோம்.

கைப்பேசிக் காலத்தில் வாசல் இன்னும் குறுகியது. ஆண்ட்ராய்டு கடையில் 2015 வரை ஒரு கோப்பின் வரம்பு 50 மெகாபைட், பிறகு 100. அளவு 6 மெகாபைட் கூடும்போதெல்லாம் நிறுவுவோர் விகிதம் நூற்றுக்கு ஒன்று குறைகிறது என்று கூகுள் 2017இல் எழுதியது. நினைவகம் நிரம்பிய கைப்பேசியில் புதியதொன்றைச் சேர்க்கக் குடும்பப் படங்களில் சிலவற்றை அழித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆக்குபவர் கேட்கும் ஒவ்வொரு மெகாபைட்டும் யாரோ ஒருவரின் பேத்தியின் படத்தோடு போட்டியிடுகிறது.

2018இல் கூகுள் அறிமுகப்படுத்திய முறை எங்களுக்குப் பழைய தாளை நினைவூட்டுவது. ஆக்குபவர் எல்லாவற்றையும் கடையில் ஒப்படைக்கிறார். கடையோ, கேட்கும் கைப்பேசியின் திரை, மொழி, சில்லு எதுவென்று பார்த்து அதற்கு வேண்டியதை மட்டும் அனுப்புகிறது. 2021 ஆகஸ்ட் முதல் புதிய செயலிகளுக்கு இதுவே கட்டாயமானது. வீட்டில் இருப்பதை அனுப்பாதே, வீட்டுக்கு உதவாததையும் அனுப்பாதே.

*

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இந்தியாவில் தரவின் விலை சரிந்தது. உத்தர வீதியில் 2 மணிக்கு அலாரம் வைக்கும் தேவை ஒழிந்தது. எனில் இந்தக் கவலை முடிந்துவிட்டதா? முடியவில்லை, அது ஒழுக்கக் கேடாக வேறு வடிவம் எடுத்தது. 100 ஜிகாபைட்டைத் தாண்டும் பெருவிளையாட்டுகள் இயல்பாயின. ஸ்வீடனின் ஆரோஹெட் குழு ஆக்கிய ஹெல்டைவர்ஸ் 2 கணினியில் சுமார் 154 ஜிகாபைட் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. 2025 இறுதியில் அதைச் சுமார் 23 ஜிகாபைட்டாகக் குறைத்தார்கள். எந்தக் களமும், எந்தப் பாத்திரமும் வெட்டப்படவில்லை. சுழலும் பழைய வன்தட்டுகளில் விரைவாகத் தேடி எடுப்பதற்காக ஒரே கோப்பைப் பல இடங்களில் திரும்பத் திரும்ப வைத்திருந்தார்கள். அவ்வளவு நகல்களால் மிச்சமானது சில நொடிகளே என்று அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆறு பங்குக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு வெறும் நகல்! யாரும் அளந்து பார்க்காததே அத்தனை நாளும் அது கிடந்ததற்குக் காரணம்.

சுயாதீனமாக வெளியிடுவோருக்கு இதில் உள்ள பாடம் எளியது. முதலில் எடைபோடு. நகல்களை நீக்கு. பயன்படாமல் கிடக்கும் படங்களை, தூரத்தில் சிறு புள்ளியாகத் தெரியும் பொருளுக்கு வரைந்த மாபெரும் ஓவியத்தை, ஒற்றைத் தடத்தில் போதுமான காலடி ஓசையின் இரட்டைத் தடத்தைக் குறை. ஒரு மொழியில் ஆடுபவருக்கு எல்லா மொழிகளின் குரலையும் அனுப்பாதே. இத்தனையிலும் விளையாட்டு ஒன்றையும் இழப்பதில்லை. இதற்குப் பிறகும் வெட்டவேண்டியிருந்தால், அங்கேதான் கலைஞனின் முடிவு தொடங்குகிறது.

அந்த இடத்தில் எங்களுக்கு நினைவுக்கு வருவது வெண்பா. கனடாவின் டொரொண்டோவிலிருந்து இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட விளையாட்டு இது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம். தாயின் பெயர் வெண்பா. ஆட்டம் முழுவதும் சமையல். சில மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதற்படைப்புக்கான விருதையும், சுயாதீன விளையாட்டு விழாவான ஐஜிஎஃப் தன் தலைமைப் பரிசையும் அதற்கு அளித்தன.

வெண்பாவில் ஒரு பழைய சமையல் குறிப்பேடு வருகிறது. கடல் கடந்து வந்த பொருள். சில பக்கங்களில் எழுத்து அழிந்திருக்கிறது, சில பக்கங்கள் கிழிந்திருக்கின்றன. விடுபட்ட படியை ஆடுபவர் நினைவிலிருந்தோ ஊகத்திலிருந்தோ இட்டு நிரப்பவேண்டும். இட்லித் தட்டின் அடுக்கை அறிந்தவர் சிரித்துக்கொண்டே நிரப்புவார். அறியாதவர் அங்கே கற்பார். சமைக்கும்போது ஒலிக்கும் தமிழ்ப் பாடல்கள், வெவ்வேறு காலத்துத் திரையிசையின் சாயலில் இந்த விளையாட்டுக்கென்றே புதிதாக ஆக்கப்பட்டவை. மெகாபைட் கணக்குப் பார்க்கும் ஒருவர் முதலில் கைவைக்கக்கூடிய இடம் அந்தப் பாடல்கள்தான், ஒலிதானே கனம். ஆனால் அவற்றை எடுத்துவிட்டால் அது எந்த நாட்டுச் சமையலறையாகவும் இருந்துவிடலாம். பெயரிழந்த பாம்பும் ஏணியும் போல.

*

சுருங்கச் சொல்வதென்றால், அளவு என்பது ஆக்குபவர் ஆடுபவரைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம். நம் வீட்டில் என்ன இருக்கிறது, நமக்கு என்ன தெரியும், நம் கம்பியும் கைப்பேசியும் எவ்வளவு தாங்கும் என்று அவர் எண்ணிப் பார்த்தாரா என்பதை, விளையாட்டைத் திறக்குமுன்பே அந்த எண் சொல்லிவிடுகிறது. எண்ணிப் பார்க்காதவர் 154 அனுப்புகிறார். அளவுக்கு மீறி எண்ணியவர் பெயர்களையும் உதிர்த்துவிட்டு எண்ணிட்ட கட்டங்களை அனுப்புகிறார்.

ஆனால் முதல்வகைச் சுருக்கத்துக்கும் ஓர் ஆபத்து இருப்பதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. விரிப்பதற்கு வீட்டில் ஆள் இருக்கவேண்டும். பரமபதத் தாள் இன்றும் ஸ்ரீரங்கத்துக் கடைகளில் கிடைக்கிறது. கட்டங்களில் பெயர்களும் இருக்கின்றன. அந்தப் பெயரைப் படித்துவிட்டு இது யார், ஏன் இவனை மிதித்தால் இவ்வளவு தூரம் இறங்கவேண்டும் என்று குழந்தை கேட்கும்போது, சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால் அந்தத் தாளும் வெறும் அட்டையே. ஆக்கியவர் நம்மை நம்பிப் பாதியை நம்மிடம் விட்டுவைத்தார். அடுத்த ஏகாதசி இரவில் தாளை விரிக்கும்போது அந்தப் பாதி நம்மிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.